செக் இன்ஜின் லைட் எரிகிறதா? ஸ்கேனர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரே தன் கோளாறுகளைக் கண்டறிந்து குறித்து வைக்கும் அமைப்புக்கு ஓபிடி என்று பெயர், அதைப் படித்துக் காட்டுவதுதான் ஸ்கேனர். ஆன்லைன் கடையில் ஓபிடி ஸ்கேனர் என்று தேடினால் 500 ரூபாயில் தொடங்கி 50,000 ரூபாயையும் தாண்டிப் போகிறது. எல்லாவற்றின் விளம்பரத்திலும் "எல்லா கார்களுக்கும் பொருந்தும்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். சிலர் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிட்டு இது வேலைக்கு ஆகாது என்று டிராயரில் போட்டுவிடுகிறார்கள். சிலர் ஒர்க்‌ஷாப்பில் இருக்க வேண்டிய கருவியை ஒற்றை காருக்காக வாங்கிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

வாங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எரர் கோடு, அதாவது கோளாறுக்குக் கார் போடும் குறியீடு, எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்வதில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, தான் எதிர்பார்த்த அளவுக்குள் ஏதோ ஒன்று வரவில்லை என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். பி0171 என்று வந்தால் காற்று கூடுதல், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். இவற்றில் எது என்று கோடு சொல்லாது, இன்ஜின் ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்கள்தான் சொல்லும். அதனால் கோடை மட்டும் காட்டும் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள், ஓடும் இன்ஜினின் எண்களைக் காட்டுகிற லைவ் டேட்டா உள்ளதை வாங்குங்கள். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

முதல் வேலை: உங்கள் கார் ஸ்கேனரோடு பேசுமா?

அமெரிக்காவில் 1996-லிருந்து எல்லா புது கார்களிலும் ஓபிடி 2 கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. இந்தியாவில் இது தாமதம்தான். பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2 என்று இரண்டு கட்டமாக வந்தது. ஆகவே 2013-க்குப் பிந்தைய பிஎஸ்4 கார் என்றால் கவலை வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 கார் என்றால் இன்னும் நிம்மதி. ஆர்சி புத்தகத்திலோ கார்டிலோ எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தில் பாரத் ஸ்டேஜ் எத்தனை என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

2010-க்கு முந்தைய கார்களில்தான் குழப்பம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், ஸ்கேனரும் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பெனி தன் சொந்த முறையில்தான் பேசும். பொது ஸ்கேனரில் "இணைக்க முடியவில்லை" என்று வருமே தவிர வேறொன்றும் வராது. அப்படிப்பட்ட பழைய காருக்கு வாங்குவதாக இருந்தால், அதே மாடல், அதே வருடக் கார் வைத்திருக்கும் ஒருவர் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

சாக்கெட் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் முழங்காலுக்கு மேலே இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14 எண் குழிகளில் உலோகம் தெரிந்தால் கார் கேன் முறையில் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், புது கார்கள் எல்லாம் இந்த வகைதான். அவை காலியாக இருந்து 7-ல் மட்டும் இருந்தால் அது பழைய கே லைன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாக்கெட்டில் செருகிப் போனோடு இணைக்கும் அடாப்டர்களில் மலிவான நகல்கள் சிலவற்றில் கே லைனுக்கான பகுதியையே விட்டுவிடுகிறார்கள், ஆனால் டப்பாவில் எல்லா முறையும் உண்டு என்றுதான் அச்சிட்டிருப்பார்கள்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பிஎஸ்6 பைக்குகளிலும் ஓபிடி உண்டு, ஆனால் சாக்கெட் சிறியது, தனி கேபிள் வேண்டும். கார் ஸ்கேனரை அப்படியே செருக முடியாது.

அடுத்தது: உங்களுக்கு என்னதான் வேண்டும்?

லைட் எரிந்தால் காரணம் தெரிய வேண்டும், மெக்கானிக்கிடம் போகும்முன் கொஞ்சம் விவரத்தோடு போக வேண்டும், இவ்வளவுதான் என்றால் ஒரு நல்ல புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். வீட்டுக்காக வாங்கும் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான்.

ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் எரிகிறது என்றால் கதை வேறு. அடிப்படை ஸ்கேனர் இன்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும், ஏபிஎஸ்ஸுக்கும் ஏர்பேக்குக்கும் தனித் தனிக் கம்ப்யூட்டர்கள். "ஆல் சிஸ்டம்" என்று விற்கும் கருவிகள் அவற்றையும் படிக்கும், ஆனால் உங்கள் கம்பெனி, உங்கள் மாடல், இந்தியாவில் விற்ற அந்த வருடம் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவுக்கோ சீனாவுக்கோ தயாரித்த கருவியின் பட்டியலில் நம் ஊர் சின்ன கார்கள் பல இருக்காது.

மூன்றாவது வகை, காருக்கு உத்தரவு போடும் கருவிகள். ரேடியேட்டர் ஃபேனை ஓட வை, ஏபிஎஸ் பம்பிலிருந்து காற்றை எடு, டீசல் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் எண்ணைப் பதிவு செய், டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேர்ந்ததை எரி, இந்த மாதிரி. ஆட்டெல், லாஞ்ச், திங்க்கார் போன்றவர்களின் பெரிய மாடல்கள் இதைச் செய்யும். வாங்கும்போது சந்தா பற்றிக் கேளுங்கள், முதல் வருடம் இலவசம் என்று தந்துவிட்டு அப்புறம் ஒவ்வொரு கம்பெனியின் சாஃப்ட்வேருக்கும் வருடாவருடம் கட்டச் சொல்லும் கருவிகள் நிறைய. என் கருத்து என்னவென்றால், சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த வகை வேண்டாம். அந்தக் காசில் எத்தனையோ தடவை ஒர்க்‌ஷாப்பிலேயே ஸ்கேன் செய்துவிடலாம். பிஎஸ்6 டீசல் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டுபவர்களுக்கு டிபிஎஃப் தொல்லை அடிக்கடி வரும், அவர்களுக்குக் கரி எரிக்கும் வசதியின் மேல் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அப்போது சைலன்சர் பக்கம் கடுமையாகச் சூடேறும், வீட்டு போர்ட்டிகோவில் வைத்துச் செய்கிற வேலை அல்ல அது.

அடாப்டரா, கையடக்கக் கருவியா?

கையடக்கக் கருவியில் பேட்டரி, புளூடூத், போனோடு இணைக்கும் தொல்லை எதுவும் இல்லை. காரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், செருகினால் வேலை செய்யும். போனோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள், வீட்டில் பெரியவர்கள் கையிலும் கொடுக்க நினைப்பவர்கள் இதை எடுக்கலாம். சில ஆயிரம் ரூபாயில் ஓரளவு நல்லதே கிடைக்கும். திரை சின்னது, நான்கைந்து எண்களை ஒன்றாகப் பார்ப்பது கஷ்டம், அதுதான் குறை.

அடாப்டர் என்றால் ஈஎல்எம் 327 என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் பெயர் அது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகம் முழுக்க நகல்கள் பெருகின, அசல் கம்பெனி 2022-ல் கடையையே மூடிவிட்டது. இப்போது 500, 600 ரூபாய்க்கு வரும் நீல நிற அடாப்டர்கள் எல்லாமே நகல்தான். நகல் என்பதாலேயே மோசம் இல்லை, ஒழுங்காக வேலை செய்பவையும் உண்டு, ஆனால் எது என்று வெளியிலிருந்து தெரியாது. "பதிப்பு 1.5" என்று போட்டிருந்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் ஈஎல்எம் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை! "2.1" என்று வரும் நகல்கள் பலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. ஆக, மேலே அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குவதில் அர்த்தமில்லை.

கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் ஓபிடிலிங்க், விலிங்கர், வீபீக் போன்ற பெயருள்ள அடாப்டருக்குப் போங்கள். வேகமாகப் படிக்கும், நடுவில் அறுந்து போகாது. லைவ் டேட்டா பார்ப்பதற்கு இந்த வேகம் முக்கியம். எண் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால், ஆக்சிலேட்டரை மிதித்த அந்த நொடியில் என்ன நடந்தது என்று பார்க்கவே முடியாது.

ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று படிக்கவும். பழைய வகை புளூடூத் அடாப்டர்கள் ஐஃபோனோடு சேராது. வைஃபை அடாப்டரோ, புளூடூத் எல்இ என்று தெளிவாக எழுதியிருப்பதோதான் வேண்டும். வைஃபை வகையில் போன் அடாப்டரின் வைஃபையோடு இணைந்திருக்கும்போது இன்டர்நெட் போய்விடும், கோடுக்கு அர்த்தம் தேடுவதற்குத் துண்டித்துத் துண்டித்து இணைக்க வேண்டியிருக்கும். எல்இ தான் நிம்மதி.

வசதிகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

லைவ் டேட்டா பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், என்ன சூடு, என்ன வேகம், எவ்வளவு லோடு என்று ஈசியூ ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். கூலன்ட் 35 டிகிரியில், வண்டி நின்றபடி மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) பதிவாகியிருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்தபோது வந்த பிரச்சினை, 90 டிகிரியில் முழு லோடில் வந்திருந்தால் மேடேறும்போது வந்தது. மெக்கானிக்குக் கோடைவிட இது உபயோகம். மூன்றாவது, பெண்டிங் கோடுகள், அதாவது லைட் எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாதவை. நான்காவது ரெடினஸ், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது. இந்த நான்கும் இருந்தால் போதும்.

"3000 கோடுகளின் விளக்கம் உள்ளே", "கலர் திரை", "ஒன்பது மொழிகள்" இவற்றுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். விளக்கம் போனில் தேடினால் கிடைக்கும். ஆனால் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பி0 என்று தொடங்குபவை எல்லா கம்பெனிக்கும் பொது. பி1 என்று தொடங்குபவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கார் பெயர் போடாமல் தேடினால் வேறு யாருடைய காருக்கோ சொன்ன வைத்தியம் கிடைக்கும். யூ என்று தொடங்கினால் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் பேச்சு அறுந்திருக்கிறது. பேட்டரி இறங்கிப் போய் ஸ்டார்ட் செய்த பிறகு இவை கும்பலாக வரும், பேட்டரியைச் சரிசெய்யாமல் அவற்றைத் துரத்தாதீர்கள்.

ஆப் பக்கம் வந்தால், ஆண்ட்ராய்டில் டார்க், இரண்டு வகை போனிலும் கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன் ஆகியவை தொடங்குபவருக்குப் போதும். சில கம்பெனி கார்களுக்குத் தனி வழி உண்டு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் பக்கம் பார்க்க வேண்டும், பொது ஸ்கேனரில் கிடைக்கும் விவரம் அவற்றில் கிடைப்பதில் கால்வாசிகூட வராது. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்த பிறகு மறைமலைநகர் ஈகோஸ்போர்ட்டை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு ஃபோர்டு கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் ஆப் ஒரு வரம் என்றே சொல்வேன். அதற்கு மட்டும், இரண்டு கேன் லைன்களுக்கும் மாறிப் பேசும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும், சாதாரணமானதில் பாடி பக்கக் கம்ப்யூட்டர்கள் சில தெரியாது.

கையில் வந்ததும் செய்ய வேண்டியது

கார் நன்றாக இருக்கும்போதே செருகிப் பாருங்கள். லைட் எரியும் வரை காத்திருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். இக்னிஷனை ஆன் செய்து, போனின் புளூடூத்தில் அடாப்டரைச் சேருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000. எல்இ வகை என்றால் போன் செட்டிங்ஸில் சேர்க்காமல் ஆப்புக்குள் போய் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறும் வரை விட்டு, ஐடிலில் கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி 13.5-லிருந்து 14.7 வோல்ட் வரை காட்டுவது பல கார்களில் வழக்கம். புது கார்கள் சில சார்ஜிங்கைத் தாமே குறைத்துக் கூட்டும், அதனால் கொஞ்சம் இறங்கித் தெரிந்தால் உடனே ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். நாளைக்கு ஏதாவது கெட்டால் ஒப்பிட இந்த ஸ்கிரீன்ஷாட்தான் கைகொடுக்கும்.

ஃபியூயல் ட்ரிம் என்பது ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. கூட்டல் கழித்தல் 10-க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், அதற்கென்று டியூன் செய்யாத பழைய காரின் ட்ரிம் கொஞ்சம் பிளஸ் பக்கம் போவது இயல்புதான், ஏனென்றால் அதே அளவு காற்றுக்கு எத்தனால் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வெளியில் சிஎன்ஜி, எல்பிஜி கிட் மாட்டிய கார் என்றால் பெட்ரோலில் ஓட்டி ஒருமுறை, கேஸில் ஓட்டி ஒருமுறை பாருங்கள். பெட்ரோலில் சரியாக இருந்து கேஸில் மட்டும் விலகினால் கிட் மாட்டியவரிடம் போக வேண்டும், சென்சார் கடைக்கு அல்ல.

லைட் எரிந்த நாளில்

நின்று எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். நின்று எரிந்தால் அவசரம் குறைவு, ஆனால் ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ கூடவே எரிந்தால் ஸ்கேனரைத் தேடாமல் இன்ஜினை அணையுங்கள்.

கோடை எழுதிக்கொள்ளுங்கள், ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழிக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். அழித்தால் கோடோடு அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், ரெடினஸ் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியிருக்கும். வேலை முடிந்த பிறகு அழித்தால் போதும்.

லைவ் டேட்டா ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். பி0113 என்று வருகிறது, உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் என்று விளக்கம் சொல்கிறது, உடனே சென்சார் வாங்க ஓடத் தோன்றும். எண்களைத் திறந்தால் சென்னை மே மாதத்தில் காற்றின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று நிற்கிறது. இந்த வகை சென்சாரின் ஒயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ ஈசியூவுக்குத் தெரிவது அந்த மைனஸ் 40 தான். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்தால் எலி கடித்த ஒயர் கண்ணில் படும், மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த கார்களில் இது சர்வ சாதாரணம். ஒயர் முழுசாக இருந்தால் அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

பி0171-க்குத் திரும்பினால், ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் ஐடிலில் ட்ரிம் பிளஸ் 20 இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 5-க்கு இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, ஹோஸ்களைப் பாருங்கள். தலைகீழாக, ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் சின்ன கார்களில் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வராது. பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள், அது பெரிய செலவு. எக்ஸாஸ்டில் கசிவு இருக்கிறதா, பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்த பிறகே சரி என்று தலையாட்டுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கோடு எதுவும் இல்லை என்று காட்டினால் அதோடு நிறுத்தாமல் ரெடினஸையும், கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பாருங்கள். ரெடினஸ் முடியாமல், தூரம் 12 கிலோமீட்டர் என்று இருந்தால் யாரோ அன்று காலையில்தான் துடைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதனால் என்று கேளுங்கள், இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் இணையவே இல்லை என்றால் அதைக் குறை சொல்லும் முன் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ், லைட்டரில் மலிவான சார்ஜர் செருகி அது போயிருக்கும். அதுவும் சரி என்றால் வேறொரு காரில் செருகிப் பாருங்கள், அங்கேயும் இணையவில்லை என்றால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். இக்னிஷன் ஆஃப் ஆனாலும் அந்த சாக்கெட்டில் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும், இரண்டு வாரம் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போனால் பேட்டரி இறங்கிவிடலாம்.